குலுங்காமல், சீக்கிரமாக

குலுங்கவும் கூடாது, லேட்டாகவும் கூடாது. புறப்படும்போது வயலட் சொன்னது இவ்வளவுதான். இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லி ஒரு மனுஷனை ரோட்டுக்கு அனுப்ப மனைவியால் மட்டும்தான் முடியும் என்று நினைத்துக்கொண்டே பாக்கியதாஸ் பெடலை மிதித்தார். மிதித்தார் என்பதுகூட அதிகம், பெடலின் மேல் பாதத்தை வைத்து அதற்கு யோசனை சொன்னார். சைக்கிள் சீட்டுக்கு அடியில் ஒரு கொக்கி, கொக்கியிலிருந்து பின்னால் போகும் இரும்புத் தண்டு, தண்டின் முடிவில் இரண்டு சின்னச் சக்கரங்களின் மேல் மேல்பக்கம் திறந்த ஒரு பச்சைப் பெட்டி, பெட்டிக்குள் பழைய தலையணை, தலையணையின் மேல் அலுமினியத் தேக்சா, தேக்சாவுக்குள் இந்த வருஷக் கிறிஸ்துமஸ் கேக்குக்கான மாவு. மாவை வீட்டில் கலக்கி, பேக்கரியின் விறகு அடுப்பில் கொடுத்துச் சுட்டு வாங்குவது பாளையங்கோட்டையில் அவர்கள் பக்கத்து வழக்கம். டிசம்பர் பாதி தாண்டிவிட்டால் காலை வேளையில் ஆட்டோக்களில் பெண்கள் மடியில் பாத்திரத்தை வைத்துக்கொண்டு, காய்ச்சல்காரப் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற முகத்தோடு போவதைப் பார்க்கலாம். சோடா சேர்த்த மாவு யாருக்காகவும் காத்திருக்காது. நேரமானால் அமுங்கிவிடும், குலுக்கினாலும் அமுங்கிவிடும், அமுங்கின மாவு அடுப்பில் போனால் நடுவில் குழி விழும். “சோடா போட்டாச்சு அத்தான்” என்று அவள் சொன்னதே துப்பாக்கியைச் சுட்டுப் பந்தயத்தைத் தொடங்கி வைக்கிற மாதிரிதான் இருந்தது. ஆனால் மெதுவாக ஓட வேண்டிய பந்தயம். வேகமாகப் போனால் குலுங்கும், மெதுவாகப் போனால் லேட்டாகும், நடுத்தரமாகப் போனால் கொஞ்சம் குலுங்கிக் கொஞ்சம் லேட்டாகும், இரண்டு நஷ்டமும் ஒன்றாக வரும். நடுத்தரமாகப் போவதுதான் அவர் சுபாவம்.

போன வருஷம் குழி விழுந்தது. போன வருஷம் மாவு போனது ஆட்டோவில், பாக்கியதாஸ் அப்போது கூடப் போகக்கூட இல்லை, கல்லூரியில் இயற்பியல் ஆய்வகத்தில் லென்சுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார், ஆகவே அந்தக் குழிக்கும் அவருக்கும் சட்டப்படி எந்தச் சம்பந்தமும் கிடையாது. ஆனாலும் கிறிஸ்துமஸ் அன்று கோயில் ஆராதனை முடிந்து எல்லாரும் வீட்டுக்கு வந்திருந்தபோது, அண்ணன் மனைவி பெல்லா மதினி கேக்கைப் பார்த்தாள், சுற்றி வந்து பார்த்தாள், ஆள்காட்டி விரலை நடுவில் வைத்து அளவு பார்த்தாள், “என்ன வயலட், கெணறு வெட்டிருக்கியா?” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். பாக்கியதாஸும் சிரித்துவிட்டார். அது தப்பு. நகைச்சுவை நன்றாக இருந்தால் சிரிக்காமல் இருக்க அவருக்கு வராது, மதினியின் நகைச்சுவை எப்போதுமே நன்றாக இருக்கும், அதுதான் அவளிடம் உள்ள கஷ்டம். பிறகு தண்ணீர் குடிக்க அடுக்களைக்குப் போனால் வயலட் கழுவின தட்டையே திரும்பக் கழுவிக்கொண்டு நின்றாள், முகத்தைத் திருப்பவில்லை, குழாயை மட்டும் இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டாள். குழாய் சத்தத்துக்குள் அழுதால் கேட்காது என்று பெண்கள் நினைக்கிறார்கள். கேட்கும். கேட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்காமலே திரும்பி வந்து, என்ன செய்வதென்று தெரியாமல், அந்தக் குழி விழுந்த நடுப்பகுதியாகவே பார்த்து வெட்டித் தின்றார். குழியைத் தின்றுவிட்டால் குழி இல்லை என்பது அவருடைய அன்றைய விஞ்ஞானம். அதனால்தான் இந்த வருஷம் அவராகவே வாயைக் கொடுத்தார், ஆட்டோதான் குலுக்கியது, என் பின்வண்டியில் வைத்தால் அலுங்காது, நான் பொறுப்பு என்று. சொன்ன இடம்தான் சரியில்லை, அண்ணன் வீட்டு வரவேற்பறை, எதிரே மதினி. வயலட் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “சரி. கொண்டு போங்க. ஆனா ஒங்களால இந்தக் கேக்குக்கு ஏதாவது ஆச்சு, அந்த வால் நேரா இரும்புக் கடைக்குத்தான். பெல்லா அக்கா சாட்சி.” மதினி வலது கையைத் தூக்கிச் சாட்சியும் சொன்னாள்.

வால் என்பது அவர்கள் வீட்டில் அந்த வண்டிக்கு வழங்கும் பெயர். அவர் பின்வண்டி என்றுதான் சொல்வார், ஆனால் ஒரு வீட்டில் ஒரே ஒருவர் மட்டும் சொல்கிற சொல் சொல்லே ஆகாது. ஸ்கூட்டர் உயிரை விட்டதும், இனிமேல் எண்ணெய் குடிக்கிற வண்டியே வேண்டாம் என்று முடிவு கட்டி, வெல்டிங் பட்டறை மாசானத்திடம் படம் போட்டுக் கொடுத்துச் செய்த வண்டி. பச்சை பெயின்டு அவர் கேட்டதில்லை, பட்டறையில் மிச்சமிருந்தது பச்சை. அரிசி மூட்டை, கேஸ் சிலிண்டர், துவைத்துக் கொடுக்க வேண்டிய போர்வைகள், ரிப்பேருக்குப் போன வயலட்டின் தையல் மிஷின், எல்லாம் இதில்தான் போய் வந்தன. மகள் ஷைனி மட்டும் வழியில் பார்த்தால் எதிர்ப்பக்கம் உள்ள போஸ்டரை வாசிக்க ஆரம்பித்துவிடுவாள். அவள் அப்படி வாசித்ததில் இந்த ஊரில் யார் யார் காலமானார்கள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. பரவாயில்லை. இதற்கு முன்னால் காடை வளர்த்தார், காடைகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மொத்தமாகப் பறந்துபோய்ப் பக்கத்துக் காம்பவுண்டில் உட்கார்ந்துகொண்டு திரும்பி வர மறுத்துவிட்டன. சூரிய அடுப்பு வாங்கினார், காலையில் வைத்த பருப்பு சாயங்காலம் வரை கல்லாகவே இருந்தது. மொட்டை மாடியில் காளான் போட்டார், காளான் தவிர மற்ற எல்லாம் முளைத்தது. ஒவ்வொன்றையும் வயலட் ஒன்றும் சொல்லாமல் பார்த்தாள், முடிந்ததும் ஒன்றும் சொல்லாமல் பெருக்கி வாரினாள். சொல்லியிருந்தால் பதில் பேசியிருக்கலாம். இந்த வண்டி ஒன்றுதான் அவர் நினைத்தபடி ஓடிய முதல் காரியம். மிதிக்கும்போது பின்னால் ஒரு மெல்லிய இழுப்பு இருக்கும், யாரோ நம்மை நம்பிப் பின்னாலேயே வருகிற மாதிரி. ஐம்பது வயதுவரை அவர்தான் எல்லார் பின்னாலும் போயிருக்கிறார், அப்பா பின்னால், அண்ணன் பின்னால், ஆய்வகத்தில் வருகிற ஒவ்வொரு புரொபசர் பின்னாலும். தன் பின்னால் ஒன்று வருவது அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது, அதை வெளியே சொல்ல வெட்கமாக இருந்தது. அது இரும்புக் கடைத் தராசில் தலைகீழாகக் கிடப்பதை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. ஆகவே குலுங்கக் கூடாது. ஆகவே லேட்டாகவும் கூடாது.

சின்னத் தெருவுக்குள் திரும்பினார். பெரிய ரோட்டில் வேகத்தடைகள், இங்கே பள்ளங்கள். வேகத்தடை தூக்கிப் போடும், பள்ளம் இறக்கிப் போடும். மாவுக்கு எது நல்லது என்று எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்காது. ஒரு பள்ளம் வந்தது, இடது பக்கம் ஒதுங்கினார், சைக்கிள் ஒதுங்கிவிட்டது, வண்டியின் வலது சக்கரம் ஒதுங்கவில்லை, அதற்கென்று ஒரு புத்தி இருக்கிறது, டொக். அவர் முதுகுத்தண்டில் அந்த டொக் ஏறியது. தேக்சா ணங் என்றதா, அல்லது அது மூடியா, மூடி என்றால் தேவலை. திரும்பிப் பார்த்தால் சைக்கிள் வளையும், வளைந்தால் குலுங்கும், ஆகவே திரும்பாமல் காதால் பார்த்தார். கோழி ஒன்று குறுக்கே வந்தது, மணி அடித்தார். நாய் ஒன்று நடுத்தெருவில் படுத்திருந்தது, அதற்கும் அடித்தார். மணி அடித்துக்கொண்டே மெதுவாக, வீடு வீடாக நின்று நின்று போகிற மாதிரி, பச்சைப் பெட்டியோடு போகிற மனுஷன் இந்தத் தெருவில் யாராக இருக்க முடியும் என்பதை அவர் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை, அவர் மனசெல்லாம் சோடாவில் இருந்தது. ஒரு வீட்டுக் கதவு படாரென்று திறந்தது. ஒரு அம்மாள் வாளியோடு ஓடி வந்தாள், “நில்லுங்க நில்லுங்க” என்றாள். யார் நில் என்றாலும் நிற்பது அவருடைய சிறுவயதுப் பழக்கம், நின்றார். அந்த அம்மாள் வாளியை அப்படியே பெட்டிக்குள் கவிழ்த்தாள். “நேத்து ஏன் வரல? வீடே நாறிப் போச்சு” என்றாள். “மன்னிச்சிக்கிடுங்கம்மா” என்றார் பாக்கியதாஸ். அதை ஏன் சொன்னார் என்று அவருக்கே தெரியாது, வாய் தானாகச் சொன்னது, முப்பது வருஷமாக யார் கோபமாக என்ன கேட்டாலும் அந்த வாய் இதைத்தான் சொல்லி வருகிறது. “நாளைக்காவது சீக்கிரம் வாங்க.” “சரிம்மா.” கதவு சாத்திக்கொண்டது. நாளைக்கு வருவதாக வாக்குக் கொடுத்துவிட்டோமே என்று கொஞ்ச தூரம் அதையே கவலைப்பட்டுக்கொண்டு போன பிறகுதான், கவிழ்த்தது குப்பை என்பதும், கவிழ்த்த இடம் கேக் மாவின் தலை என்பதும் அவருக்கு முழுசாக உறைத்தது.

இப்போது நின்று அள்ளினால் லேட்டாகும். அள்ளிப் போடவும் இடமில்லை, யார் வீட்டு வாசலில் போடுவது. மூடி இருக்கிறது, மூடிக்கு மேல் வேட்டித் துணியைப் போட்டு வயலட் இறுக்கிக் கட்டியிருக்கிறாள், அவள் கட்டினால் பிரளயத்துக்கே அவிழாது. ஆகவே ஒன்றும் உள்ளே போயிருக்காது. ஆனால் அந்த வாடை. முருங்கைக்காய் சக்கை, முட்டை ஓடு, இதெல்லாம் ஒரு வாடையா, இது வேறு. சாளை. நேற்று வாங்கி, ராத்திரி குழம்பு வைத்து, இன்று எறிந்த சாளை மீனின் தலைகள். மீன் வாடை துணி வழியாக இறங்குமா? திரவம் இறங்கும், வாயு இறங்குமா? ஆய்வகத்தில் புரொபசர் பரவல் என்று ஒரு பாடம் நடத்துவார், அறையின் மூலையில் ஊதுபத்தி கொளுத்தினால் அந்த மணம் மெதுவாக அறை முழுவதும் பரவும் என்று, ஊதுபத்தியைக் கொளுத்துகிற வேலை பாக்கியதாஸுடையது. பரவும். ஜாதிக்காயும் கிராம்பும் ஊறின பழமும் மணக்கிற மாவுக்குள் சாளை பரவும். மதினி ஒரு துண்டை வாயில் போட்டு, கண்ணை மூடி, என்ன சொல்வாள் என்று யோசித்தார், நன்றாகத்தான் சொல்வாள், அவருக்கே சிரிப்பு வந்துவிடும் போல இருந்தது, கூடாது. பின்னால் ஏதோ தடதடவென்று சத்தம். காதால் பார்த்தார். கால்கள். நாலு கால், எட்டுக் கால், அதற்கும் மேலே. நடுத்தெருவில் படுத்திருந்த நாயும் அதன் உறவுக்காரர்களும். சாளைத் தலைகள் பெட்டியின் விளிம்பில் ஆடிக்கொண்டிருந்தன போலும், ஒரு நாய் பெட்டியின் மேல் முன்னங்காலை வைத்துப் பார்த்தது, அந்த எடை சீட்டு வரைக்கும் வந்து தெரிந்தது. பாக்கியதாஸ் மிதித்தார். இந்தத் தடவை உண்மையாகவே மிதித்தார். டொக், டொக், ணங். லேட்டாகக் கூடாது என்ற பாதியாவது நிறைவேறுகிறதே என்று ஒரு மூலையில் ஒரு ஆறுதல் எட்டிப் பார்த்தது. நாய்களுக்கு இதையெல்லாம் விளக்க முடியாது. “போ, போ, கர்த்தரே, போ” என்றார். யாரைப் போகச் சொன்னோம் என்று உடனே பதறி, கர்த்தரிடம் மன்னிப்பும் கேட்டுக்கொண்டார்.

ரயில்வே கேட் சாத்தியிருந்தது. நாய்கள் பாதி வழியில் தங்கள் எல்லையோடு நின்றுவிட்டன, ஆனால் கேட்டுக்கு எல்லை கிடையாது, எப்போது சாத்துவான் எப்போது திறப்பான் என்பது மேலே உள்ளவருக்கே வெளிச்சம். பைக்குகளும் ஒரு பள்ளிக்கூட வேனும் கூடி நின்றன. பக்கத்தில் ஒரு தள்ளுவண்டி வந்து நின்றது. அதுவும் பச்சை. உண்மையான குப்பை வண்டி, தள்ளி வந்தது முப்பிடாதி, அவருடைய தெருவில் தினமும் குப்பை வாங்குகிறவள். அவள் அவர் பெட்டியைப் பார்த்தாள், தன் பெட்டியைப் பார்த்தாள், திரும்ப அவர் பெட்டியைப் பார்த்தாள். “என்ன சார், எங்க லைன்ல நீங்க எறங்கிட்டியளா?” என்றாள். அவர் நடந்ததைச் சொன்னார். கேக்கு மாவு, மேலே மீன் தலை என்று ஒன்று விடாமல் சொன்னார். முப்பிடாதி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள், இங்கே குலுங்க உரிமை உள்ள ஒரே ஆள் அவள்தான் என்று அவருக்குத் தோன்றியது. “அந்த அம்மா கண்ணாடி போடாம வாளியத் தூக்கிட்டு வரும் சார். போன மாசம் பால்காரன் வண்டில கொட்டிட்டு” என்று சொல்லிக்கொண்டே கையுறை போட்ட கையால் எல்லாவற்றையும் வாரித் தன் வண்டியில் போட்டாள். ஒரு முருங்கைச் சக்கையை மட்டும் அவர் எடுத்துப் போட்டார், சும்மா நிற்கக் கூடாதே என்று. மீன் தண்ணீர் பட்ட வேட்டித் துணியை அவிழ்த்து, எங்கே வைப்பது என்று தெரியாமல், நாலாக மடித்துப் பேண்ட் பைக்குள் வைத்துக்கொண்டார். மூடியைக் கொஞ்சமாகத் திறந்து பார்த்தார். உள்ளே மாவு சுத்தமாக இருந்தது. கரிசல் நிறத்தில், பளபளவென்று, ஜாதிக்காய் வாசனையோடு, அசையாமல். அசையாமல் என்பதில் அவர் மனசு போய் மாட்டிக்கொண்டது. சோடா போட்டால் சின்னச் சின்னக் குமிழி வரும், வயலட் எப்போதும் காட்டுவாள், “பாருங்க, மூச்சு விடுது” என்பாள். இது மூச்சு விடவில்லை. ஒரு குமிழிகூட இல்லை. முதல் டொக்கிலேயே போயிருக்குமோ, நாய் துரத்தினபோது போயிருக்குமோ, இல்லை இந்தக் கேட்டில் நிற்கும்போது நம் கண் முன்னாலேயே போயிற்றோ. ரயில் வந்தது. நீளமான கூட்ஸ். ஒவ்வொரு பெட்டியும் டொக் டொக் என்று தண்டவாளத்தின் மேல் குலுங்கிக்கொண்டே போனது. அதற்குள்ளும் யாராவது கேக் மாவு அனுப்பியிருந்தால் அவர்கள் பாடு என்ன என்று நினைத்தார்.

கேட் திறந்த பிறகு அவர் வேகமாகவும் போகவில்லை, மெதுவாகவும் போகவில்லை, சும்மா போனார். போன மாவுக்கு என்ன வேகம். வயலட்டிடம் எப்படிச் சொல்வது என்று வாக்கியங்களைச் செய்து பார்த்தார். மாவு அமுங்கிவிட்டது என்று ஆரம்பிப்பதா, ஒரு அம்மாளுக்குக் கண் தெரியவில்லை என்று ஆரம்பிப்பதா, நாய்கள் என்று ஆரம்பிப்பதா. எப்படி ஆரம்பித்தாலும் அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள், அதுதான் பயம். துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வந்து இதையும் பெருக்குவாள். அவள் நேற்று மாலை முழுவதும் வெண்ணெயும் சீனியும் நுரைக்க நுரைக்க அடித்ததை, கை வலித்ததும் இடது கைக்கு மாற்றிக்கொண்டதை, அவர் உதவிக்கு வந்தபோது “நீங்க ஒரே பக்கமாச் சுத்த மாட்டிய, அத்தான், போங்க” என்றதை நினைத்தார். வண்டி போனால் போகட்டும். ஆனால் கிறிஸ்துமஸ் அன்று மதினி இன்னொரு தடவை விரலை வைத்து அளந்தால், வயலட் இன்னொரு தடவை குழாயைத் திறந்தால், அதை இந்த வருஷம் எதைத் தின்று சரிக்கட்டுவது.

பேக்கரியின் பின்வாசலில் பெண்கள் கூட்டம். தகரக் கூரைக்குக் கீழே பெஞ்சில் முதல் ஆளாக, மடியில் பர்சோடு உட்கார்ந்திருந்தது பெல்லா மதினி. அவள் கேக் ஏற்கனவே அடுப்பில். மனசுக்குள் யாருக்குப் பயப்படுகிறாரோ அவர்களே நேரில் உட்கார்ந்திருப்பார்கள் என்பது பாக்கியதாஸின் வாழ்க்கையில் மாறாத ஒன்று. அவள் மூக்கைச் சுருக்கினாள்.

“என்ன கொழுந்தனாரே, கேக்கு மாவு கொண்டாந்தியளா, கருவாடு கொண்டாந்தியளா?”

பெண்கள் சிரித்தார்கள். அவர் பேண்ட் பையைக் கையால் மூடிக்கொண்டு, தேக்சாவை இறக்கி மாஸ்டர் முன்னால் வைத்தார். மாஸ்டர் செல்லையா மூடியைத் திறந்தார், கரண்டியால் ஒரு தள்ளுத் தள்ளினார், முகம் கோணிற்று.

“என்ன சார், மாவு தூங்குதே. சோடா போட்டாச்சா?”

போட்டாச்சு, போட்டதுதான் செத்துவிட்டது, கொன்றது நான் என்று சொல்ல வாயைத் திறந்தார். அப்போது ஒரு ஆட்டோ வந்து சரளைக் கல்லைச் சிதறவிட்டு நின்றது. வயலட் இறங்கினாள். நைட்டியில் இருந்தாள், மேலே ஒரு துண்டு. நைட்டியோடு கேட்டுக்கு வெளியே பால் பாக்கெட் எடுக்கக்கூட வராதவள். கன்னத்தில் மைதா. வலது கையில் ஒரு எவர்சில்வர் டம்ளர், அதன் வாயை இடது உள்ளங்கையால் பொத்தியிருந்தாள். எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவள் கூட்டத்தில் மதினியைப் பார்த்தாள், பார்த்த இடத்திலேயே நின்றுவிட்டாள்.

டம்ளரைப் பார்த்ததும் பாக்கியதாஸுக்கு விளங்கிவிட்டது. வருஷா வருஷம் கடைசியில் சேர்க்க வேண்டிய சோடாவை ஒரு பிடி மைதாவில் கலந்து அந்த டம்ளரில்தான் எடுத்து வைப்பாள். எடுத்து வைத்திருக்கிறாள். சேர்க்கவில்லை. அவர் வாசலில் நின்று மணியை அடித்து அவசரப்படுத்தினதில், சேர்த்துவிட்டதாக நினைத்துக் கட்டிக் கொடுத்துவிட்டாள். அப்படியானால் மாவு அமுங்கவில்லை. எழும்பாத மாவு எப்படி அமுங்கும்? டொக் குற்றவாளி இல்லை, நாய் குற்றவாளி இல்லை, கேட் குற்றவாளி இல்லை, பின்வண்டி குற்றவாளியே இல்லை! வழி நெடுக அவர் பொத்திப் பொத்திக் கொண்டுவந்தது குலுக்கினாலும் ஒன்றும் ஆகாத மாவு. அவருக்குள் ஒரு பெரிய மணி அடித்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் பக்கம் தப்பில்லை, அவள் பக்கம் தப்பு, சாட்சியோ முன்னால் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கிறாள். ஒன்றும் சொல்ல வேண்டாம், சும்மா நின்றாலே போதும், வண்டி ஆயுசுக்கும் அவருடையது. சும்மா நிற்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

“என்ன வயலட்,” மதினி பெஞ்சிலிருந்து முன்னால் குனிந்தாள், “நைட்டியோட ஓடியாந்திருக்க? எதையாவது போட மறந்திட்டியா?”

வயலட்டின் உதடு அசைந்தது. பொய் சொல்ல வராது அவளுக்கு, ஆமாம் என்றுதான் சொல்லப் போகிறாள். டம்ளரை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். இங்கே குழாய் இல்லை, திறந்துவிட.

“அவ எங்க மறந்தா மதினி,” என்றது பாக்கியதாஸின் வாய். இந்தத் தடவை அது தானாகச் சொல்லவில்லை, அவர்தான் சொன்னார். “வீட்டுலயே போட்டா வழியில அமுங்கிரும், அங்க போயிப் போடுங்கன்னு டம்ளரக் கையில குடுத்து படிச்சுப் படிச்சுச் சொன்னா. நாந்தான் மேசையில வச்சிட்டு மணியடிச்சிட்டே கெளம்பிட்டேன்.”

பெண்கள் எல்லாரும் அவர் பக்கம் திரும்பினார்கள். பிறகு கூரையே அதிரச் சிரித்தார்கள். மதினி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “ஒங்க கையில குடுத்தாளே, அவளச் சொல்லணும்” என்றாள். “அப்ப வால் போச்சா கொழுந்தனாரே? நான்லா சாட்சி.”

“போச்சு மதினி.”

சொல்லிவிட்டு அவரும் சிரித்தார். பாதிச் சிரிப்பை இருமலாக்கிக்கொண்டார். வயலட் அவரைப் பார்க்கவே இல்லை. நேராகப் போய் மாஸ்டரிடம் டம்ளரைக் கொடுத்தாள், துண்டைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டு, அவர் கலக்குவதைக் குனிந்து பார்த்தாள். “ஒரே பக்கமாச் சுத்துங்க மாஸ்டர்” என்றாள். “இப்பப் போட்டதுதாம்மா நல்லது, மாவு துள்ளுது பாருங்க” என்றார் செல்லையா. பாக்கியதாஸ் எட்டிப் பார்த்தார். குமிழி வந்தது, ஒன்று, பக்கத்தில் இன்னொன்று, பிறகு எண்ண முடியாமல். மூச்சு விட்டது. மாவைத் தட்டுகளில் ஊற்றி நீளத் துடுப்பால் அடுப்புக்குள் தள்ளினார்கள். அதே துடுப்பில் மதினியின் கேக்குகள் வெளியே வந்தன, பெரிய தட்டு இரண்டு, உச்சி மேடு தட்டி, ஒரு குறை சொல்ல முடியாது. மதினி எழுந்து தெருப்பக்கம் கையை நீட்டி, “ஆட்டோ!” என்றாள்.

“ஆட்டோ எதுக்குக்கா?” என்றாள் வயலட். அதுவரை குனிந்தே நின்றவளின் குரல் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வந்தது. “குலுக்கிப்போடும். சூட்டோட இருக்கு, விண்டு போயிரும். எங்க வண்டியில வைங்க, அத்தான் அலுங்காமக் கொண்டாந்து விடுவாவ.”

மதினி அவளைப் பார்த்தாள், பச்சைப் பெட்டியைப் பார்த்தாள். “இரும்புக் கடைக்குப் போற வண்டில்லா அது?”

“அது எங்க வீட்டு வண்டிக்கா. எங்க போகணும்னு நாங்க பாத்துக்கிடுதோம்.”

மதினி ஆட்டோவுக்கு நீட்டின கையை இறக்கிக்கொண்டாள். அவள் விட்டுக்கொடுத்துப் பாக்கியதாஸ் பார்த்தது அதுதான் முதல் தடவை, ஆனால் அதை ரசிக்க முடியாதபடி அவருக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது, சந்தோஷமாக இருந்தது, அத்தனை பெண்களுக்கு முன்னால் அழுதுவிடுவோமோ என்று பயமாகவும் இருந்தது. ஓடிப்போய் வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, டயரில் காற்று இருக்கிறதா என்று இரண்டு கையாலும் அமுக்கிப் பார்த்தார். காற்றெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. மறுபடியும் அமுக்கிப் பார்த்தார்.